நாலு சிஸ்டம், ஊரெல்லாம் வாடிக்கையாளர்: குக்கீயை எங்கே தடுப்பது, எங்கே விடுவது?

வாசகி கேள்வி

சார், வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் நாலு சிஸ்டம் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், பிரின்ட், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் உண்டு. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான் பாதிக்கு மேல். வங்காளம், ஜார்க்கண்ட், ஆந்திரா என்று எல்லா ஊர்க்காரர்களும் வருவார்கள். சமீபத்தில் கொல்கத்தாக்காரர் ஒருவர் மெயிலைத் திறந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்துக்கொண்டு போனார். அடுத்து அதே சிஸ்டத்தில் உட்கார்ந்த குடியாத்தத்துக்காரர் மெயில் பக்கத்தைத் திறந்ததும் முன்னவருடைய இன்பாக்ஸ் அப்படியே வந்து நின்றது. சங்கடமாகிவிட்டது. "குக்கீதான் காரணம், எல்லாவற்றையும் பிளாக் பண்ணு" என்றான் தம்பி. பண்ணினேன்; அதிலிருந்து எந்தத் தளத்திலும் லாகின் நிற்கவில்லை. மறுபடி திறந்துவிட்டு, தினமும் ராத்திரி குக்கீயை அழிக்கிறேன். என் சொந்த லாகின்களும் சேர்ந்து போய்விடுவதால் காலையில் கடை திறந்ததும் ஓடிபி, ஓடிபி என்று அரை மணி நேரம் வீணாகிறது. இதற்கு நடுவில் மூட்டுவலி மருந்து விளம்பரம் எல்லா சிஸ்டத்திலும் வருகிறது, என் மகள் மொபைலிலும் வருகிறது. ஸ்கிரீனின் வலது மூலையில் "வைரஸ் இருக்கிறது" என்று ஓர் அறிவிப்பு வேறு குதித்துக்கொண்டே இருக்கிறது. குக்கீயை வைத்துக்கொள்ளவா, வேண்டாமா?

பதில்

உங்கள் தம்பி காரணத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், வைத்தியம்தான் தப்பு. மெயில் திறந்து நின்றது குக்கீயால். விளம்பரத்தில் குக்கீக்குப் பாதிப் பங்குதான். மூலையில் குதிப்பதற்கும் குக்கீக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றையும் தனித்தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும். குரோம் பெரும்பாலான கடைகளில் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், மெனுப் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். வெர்ஷனுக்கு வெர்ஷன் ஒன்றிரண்டு சொற்கள் மாறலாம்.

பக்கங்களை அனுப்பும் சர்வருக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கம் கேட்டால் கொடுக்கும். அடுத்த நொடி இன்னொன்று கேட்டால், முன்பு கேட்டதும் நீங்கள்தான் என்று அதற்குத் தெரியாது. இதற்கு வழியாகத்தான் 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் இருந்த லூ மோன்டுல்லி குக்கீயைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி ஓபி சீட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் தளம் ஒரு நீண்ட எண்ணைக் கொடுக்கும், பிரவுசர் அதை வைத்திருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் திருப்பிக் காட்டும். ஒரு குக்கீ சுமார் 4 கேபிதான். வெறும் எழுத்து, அதில் வைரஸ் ஒளிந்திருக்க முடியாது. எல்லாக் குக்கீயையும் தடுத்துவிட்டால் தளம் கொடுத்த எண்ணைப் பிரவுசர் வாங்குவதில்லை. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் அடுத்த பக்கத்தில் மறுபடி லாகின் கேட்பது இதனால்தான்.

கொல்கத்தாக்காரர் ஜன்னலை மூடிவிட்டுப் போயிருப்பார், லாகவுட் செய்திருக்க மாட்டார். ஜன்னலை மூடுவதால் அந்த எண் செல்லாததாகிவிடாது. குக்கீயில் காலாவதித் தேதி எழுதியிருந்தால் அதுவரை அது டிஸ்கில் இருக்கும். குரோம் இதற்கு உச்சவரம்பாக 400 நாள் வைத்திருக்கிறது. தேதி எழுதாத குக்கீ பிரவுசரை மூடும்போது போக வேண்டும். ஆனால் செட்டிங்ஸில் 'ஆன் ஸ்டார்ட்அப்' பகுதியில் 'கன்டினியூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்' தேர்ந்திருந்தால் அதுவும் போகாது. விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதற்காக அதையும் காப்பாற்றி வைக்கும். நாலு சிஸ்டத்திலும் முதலில் இதைப் பாருங்கள். 'ஓப்பன் தி நியூ டேப் பேஜ்' என்று மாற்றுங்கள். அப்படியே 'சிஸ்டம்' பகுதிக்குப் போய், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடும் 'கன்டினியூ ரன்னிங் பேக்கிரவுண்டு ஆப்ஸ்' என்பதையும் அணைத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். இரவில் நீங்கள் குக்கீயை அழிக்கும்போது உங்கள் சிஸ்டத்தில் இருக்கும் நகல்தான் போகிறது. சர்வர் பக்கம் அந்த லாகின் உயிரோடுதான் இருக்கும். இடையில் யாராவது, அல்லது ஏதாவது திருட்டு மென்பொருள், அந்தக் குக்கீயைக் காப்பி அடித்திருந்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே வேறு இடத்திலிருந்து உள்ளே போகலாம். லாகவுட் செய்தால்தான் சர்வர் அந்த எண்ணை ரத்து செய்யும். அந்த வாடிக்கையாளரின் மொபைல் நம்பர் உங்கள் ரிஜிஸ்டரில் இருக்கும் அல்லவா, கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். ஜிமெயில் என்றால் அவர் தன் கூகுள் அக்கவுன்டில் 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் உங்கள் கடை சிஸ்டத்தைத் தொட்டு சைன்அவுட் கொடுக்கலாம். கொல்கத்தாவில் இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலை.

இனி ஏற்பாடு. தினசரி அழிக்கும் வேலையையே விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. உங்கள் லாகின்களும் வாடிக்கையாளர் லாகின்களும் ஒரே பிரவுசரில் ஒன்றாகக் கிடப்பதுதான் கோளாறு. அதனால்தான் அழித்தால் இரண்டும் போகின்றன, விட்டால் இரண்டும் நிற்கின்றன.

முதலில் விண்டோஸிலேயே பிரியுங்கள். 'செட்டிங்ஸ்', 'அக்கவுன்ட்ஸ்' வழியே போய் 'அதர் யூசர்ஸ்' பகுதியில் 'கஸ்டமர்' என்றோ வேறு பெயரிலோ ஒரு புது அக்கவுன்ட் சேருங்கள். அது 'ஸ்டாண்டர்டு' வகையாக இருக்கட்டும், 'அட்மினிஸ்ட்ரேட்டர்' வேண்டாம். உங்கள் அக்கவுன்டுக்கு பாஸ்வேர்டு போட்டுவிட்டு, எழுந்து போகும்போதெல்லாம் விண்டோஸ் பொத்தானோடு 'எல்' எழுத்தை அழுத்திப் பூட்டுங்கள். குரோமுக்குள்ளேயே தனித்தனி ப்ரொஃபைல் வைக்கலாமே என்று கேட்கலாம். அந்த ப்ரொஃபைலுக்குப் பாஸ்வேர்டு பூட்டு கிடையாது. படத்தைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் உள்ளே போகலாம். வீட்டுக்கு அது போதும், கடைக்குப் போதாது.

வாடிக்கையாளர் அக்கவுன்டில் குரோமை எப்போதும் 'கெஸ்ட்' ஜன்னலாகத் திறக்க வையுங்கள். கையால் திறப்பதென்றால் வலது மேல் மூலையில் இருக்கும் ப்ரொஃபைல் படத்தைத் தட்டி 'ஓப்பன் கெஸ்ட் ப்ரொஃபைல்' கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் அதையெல்லாம் செய்துகொண்டிருக்க மாட்டார். ஆகவே டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஷார்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். 'டார்கெட்' என்ற கட்டத்தில் கடைசி மேற்கோள் குறிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு போட்டு, அதோடு ஒட்டியபடி கெஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சின்ன எழுத்தில் அடித்து 'ஓகே' கொடுங்கள். மேற்கோள் குறிக்கு உள்ளே அடித்துவிட்டால் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளாது, பிழை காட்டும். இந்த ஷார்ட்கட் ஒன்றை மட்டும் டெஸ்க்டாப்பில் விட்டுவிட்டு, டாஸ்க்பாரில் இருக்கும் மற்ற குரோம் ஐகானை 'அன்பின்' செய்துவிடுங்கள்.

கெஸ்ட் ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடியதும் குக்கீ, ஹிஸ்டரி, தளங்கள் சேமித்த மற்ற தரவு எல்லாம் போய்விடும். 'எல்லாவற்றையும்' என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கீழே மினிமைஸ் ஆகி ஒரே ஒரு கெஸ்ட் ஜன்னல் கிடந்தாலும் முந்தைய லாகின் உயிரோடுதான் இருக்கும். ஒருவர் எழுந்ததும் டாஸ்க்பாரில் குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து 'க்ளோஸ் ஆல் விண்டோஸ்' கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஹிஸ்டரியைச் சேமிக்காத இன்காக்னிட்டோ ஜன்னல் போதாதா என்றால், உங்கள் கடைக்குப் போதாது. அது நீங்கள் இருக்கும் ப்ரொஃபைலின் மேல் திறக்கும் ஜன்னல். உங்கள் புக்மார்க் அதில் தெரியும், நீங்கள் சேமித்து வைத்த பாஸ்வேர்டை நிரப்பித் தரவும் முன்வரும். கெஸ்டில் அது எதுவும் எட்டாது.

இவ்வளவு செய்தும் ஒரு சந்து இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பையோ ஒரு பிடிஎஃப்பில் உள்ள இணைப்பையோ தட்டினால் குரோம் கெஸ்டாக இல்லாமல் சாதாரண ஜன்னலாகத் திறக்கக்கூடும். அதற்கும் காவல் போடுங்கள். அந்தச் சாதாரண ஜன்னலில் 'செட்டிங்ஸ்', 'ப்ரைவசி அண்டு செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ்', 'ஆன்டிவைஸ் சைட் டேட்டா' என்று வரிசையாகப் போனால் மூன்று தேர்வுகள் இருக்கும். நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்: எல்லா ஜன்னலையும் மூடும்போது தளங்கள் சேமித்ததை அழித்துவிடும். மூன்றாவது, எதையுமே சேமிக்க விடாதது. தம்பி போட்டது அநேகமாக அதுதான்; அதைத் தொடாதீர்கள்.

கெஸ்ட் ஜன்னல் அழிக்காத ஒன்று உண்டு, உங்கள் கடைக்கு அதுதான் பெரிய ஆபத்து: டவுன்லோட் ஃபோல்டர். பயாப்சி ரிப்போர்ட், ஆதார் நகல், பாஸ்போர்ட் ஸ்கேன் எல்லாம் அங்கேயே கிடக்கும். இன்பாக்ஸ் தெரிந்துவிட்டதே என்று பதறுகிறோம், அந்த ஃபோல்டரில் நூறு பேர் நோய் விவரம் கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'ஸ்டோரேஜ் சென்ஸ்' போய், டவுன்லோட் ஃபோல்டருக்கும் ரீசைக்கிள் பின்னுக்கும் '1 டே' என்று வையுங்கள். ஸ்டோரேஜ் சென்ஸ் ஓடும் இடைவெளியையும் 'எவ்ரி டே' ஆக்குங்கள். இது வாடிக்கையாளர் அக்கவுன்டில் மட்டும். உங்கள் அக்கவுன்டில் வைத்தால் உங்கள் கோப்புகளும் போகும். பிரின்ட் எடுத்தவுடன் அவர் கண் முன்னாலேயே ஷிப்டை அழுத்திக்கொண்டு டெலீட் கொடுப்பது இன்னும் நல்லது. அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. வாட்ஸ்அப் வெப்பில் ரிப்போர்ட் எடுத்தவரிடம், மொபைலில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் உங்கள் சிஸ்டத்தை லாகவுட் செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் சொந்த அக்கவுன்டில் குக்கீயை மொத்தமாக அழிக்கவே தேவையில்லை. காலை ஓடிபி தொல்லை அதோடு தீரும். அங்கே தடுக்க வேண்டியது மூன்றாம் தரப்புக் குக்கீயை மட்டும். நீங்கள் திறந்த தளம் வைப்பது முதல் தரப்பு. அந்தப் பக்கத்துக்குள் ஒட்டவைத்த விளம்பரப் பெட்டி, லைக் பொத்தான், வீடியோ ஆகியவற்றின் நிறுவனங்கள் வைப்பது மூன்றாம் தரப்பு. ஒரே விளம்பர நிறுவனத்தின் பெட்டி செய்தித் தளத்திலும் சமையல் தளத்திலும் இருந்தால், இரண்டு இடத்துக்கும் போனது ஒரே ஆள் என்று அந்தக் குக்கீயால் அதற்குத் தெரிந்துவிடும். ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் இதை 2020 முதலே முழுக்கத் தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2022இல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் பூட்டும் முறையை எல்லோருக்கும் கொண்டுவந்தது. கூகுள் 2020இல் நிறுத்துகிறேன் என்று அறிவித்தது, தேதியைத் தள்ளிக்கொண்டே போனது, 2024இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனம் வேறென்ன செய்யும்! ஆகவே குரோமில் நீங்களே போய்த் தடுக்க வேண்டும்: 'செட்டிங்ஸ்', 'ப்ரைவசி அண்டு செக்யூரிட்டி', 'தர்டு பார்ட்டி குக்கீஸ்', அதில் 'பிளாக் தர்டு பார்ட்டி குக்கீஸ்'. உங்கள் சொந்த வேலைக்கு பயர்பாக்ஸைப் பழகிக்கொண்டால் இதையும் தேட வேண்டியதில்லை.

தடுத்த பிறகு ஒன்றிரண்டு தளங்கள் முரண்டு பிடிக்கலாம். லாகின் செய்ததும் மறுபடி லாகின் பக்கமே வரும், அல்லது பக்கத்துக்குள் ஒரு கட்டம் வெறுமையாக நிற்கும். லாகினையோ படிவத்தையோ வேறு முகவரியிலிருந்து கொண்டுவந்து உள்ளே ஒட்டியிருப்பார்கள், அதன் குக்கீ தடைபட்டிருக்கும். இதற்காகத் தடையை மொத்தமாக எடுத்துவிடாதீர்கள். முகவரிப் பட்டையின் வலப்பக்கம் கண் படம் தெரிந்தால் அதைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அந்த அனுமதி தற்காலிகம்தான். அடிக்கடி போகும் தளம் என்றால் அதே 'தர்டு பார்ட்டி குக்கீஸ்' பக்கத்தின் கீழே, அனுமதிக்கப்பட்ட தளங்கள் பட்டியலில் 'ஆட்' கொடுத்து அதன் முகவரியைச் சேர்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு தளம் மட்டும் கிறுக்குத்தனம் செய்கிறது, மற்றவை ஒழுங்காக இருக்கின்றன என்றால் அந்தத் தளத்தின் குக்கீ மட்டும் கெட்டிருக்கும். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தட்டி, 'குக்கீஸ் அண்டு சைட் டேட்டா', 'மேனேஜ் ஆன்டிவைஸ் சைட் டேட்டா' போய்க் குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினால் அது மட்டும் போகும். எதற்கெடுத்தாலும் கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் அழுத்தி 'ஆல் டைம்' கொடுத்து எல்லாவற்றையும் அழிப்பது வேண்டாத வேலை.

எல்லாத் தளமும் ஒரே சிஸ்டத்தில் மட்டும் தகராறு செய்தால் குக்கீயை விட்டுவிட்டுக் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய சிஸ்டங்களில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால், கரன்ட் போய் வரும்போது தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் பொருந்தாது, 'யுவர் கனெக்ஷன் இஸ் நாட் ப்ரைவேட்' என்று வரும். தேதி முன்னால் ஓடினால் வைத்த குக்கீ அப்போதே காலாவதியாகக்கூடும். சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரியை மாற்றினால் போதும். எந்தக் குக்கீ செட்டிங்கும் இதைச் சரிசெய்யாது.

மூட்டுவலி விளம்பரத்துக்கு வருவோம். நாலு சிஸ்டமும் ஒரே ரவுட்டர் வழியாகப் போவதால் வெளியில் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரிதான், அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண். அதனால் ஒரு சிஸ்டத்தில் தேடியது மற்றவற்றிலும் விளம்பரமாக வரலாம். அதோடு இடத்தைப் பார்த்தும் விளம்பரம் வரும். ஆஸ்பத்திரித் தெருவில் மருந்து விளம்பரம் வருவதில் அதிசயம் இல்லை. குக்கீயைத் தடுத்தால் விளம்பரம் நிற்காது, ஆளைப் பின்தொடர்வதுதான் குறையும். மகள் மொபைலிலும் வருகிறது என்றால், அவர் கூகுள் அக்கவுன்ட் கடை சிஸ்டத்தில் எப்போதோ திறந்து அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். யாரோ தேடியதெல்லாம் அவர் கணக்கில் ஏறும். சைன்அவுட் செய்துவிட்டு, கூகுள் அக்கவுன்டின் 'மை ஆட் சென்டர்' பக்கத்தில் தனிப்பட்ட விளம்பரத்தை 'ஆஃப்' செய்யச் சொல்லுங்கள். மொபைல் குரோமிலும் மூன்று புள்ளி, 'செட்டிங்ஸ்', 'சைட் செட்டிங்ஸ்', 'தர்டு பார்ட்டி குக்கீஸ்' என்று போய்த் தடுக்கலாம். ஐபோன் என்றால் சஃபாரி செட்டிங்கில் 'ப்ரிவென்ட் கிராஸ் சைட் டிராக்கிங்' பச்சையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வலது மூலையில் குதிக்கும் "வைரஸ்" அறிவிப்பு, யாரோ ஒரு தளத்தில் 'அலோ' தட்டியதன் பலன். அதைத் தட்டவே தட்டாதீர்கள், அதில் வரும் நம்பருக்குக் கூப்பிடவும் வேண்டாம். 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்குங்கள். மேலே 'டோன்ட் அலோ சைட்ஸ் டு சென்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்' என்பதையும் தேர்ந்துவிட்டால் இனி யாரும் கேட்கக்கூட முடியாது. அப்புறமும் குதித்தால்தான் வைரஸ் சோதனை.

தளங்கள் கேட்கும் 'அக்செப்ட் ஆல்' பட்டையில் 'ரிஜெக்ட்' இருந்தால் அதையே தட்டுங்கள், வேலை எதுவும் கெடாது. கெஸ்ட் ஜன்னலில் அந்தப் பட்டை ஒவ்வொரு முறையும் வரும். வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை ஞாபகம் வைப்பதும் ஒரு குக்கீதானே, அது அழிந்திருக்கும்.

ஏற்பாடு முடிந்ததும் ஒவ்வொரு சிஸ்டத்திலும் வாடிக்கையாளர் ஷார்ட்கட் வழியே உங்கள் வேறொரு மெயிலில் லாகின் செய்து, லாகவுட் செய்யாமல் ஜன்னல்களை மூடி, மறுபடி திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்க வேண்டும். கேட்காத சிஸ்டத்தில் ஷார்ட்கட்டில் எழுதியது தப்பாக இருக்கும், அல்லது எங்கோ ஒரு கெஸ்ட் ஜன்னல் மூடாமல் கிடக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரே உட்கார்ந்து இணையம் பார்க்கும் கடை என்பதால் 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள் உங்களுக்குப் பொருந்தும். அடையாளச் சான்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவதோடு, எந்தெந்தத் தளங்கள் பார்க்கப்பட்டன என்ற பதிவையும் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது விதி. கெஸ்ட் ஜன்னல் பிரவுசர் ஹிஸ்டரியையும் சேர்த்தே அழித்துவிடும். ஆகவே அந்தப் பதிவு பிரவுசருக்கு வெளியே, ஒரு ப்ராக்ஸியில் (எல்லா சிஸ்டத்தின் இணையப் போக்குவரத்தும் தன் வழியாகப் போகும்படி நடுவில் நிற்கும் மென்பொருளில்) சேர வேண்டும். சாதாரண ரவுட்டரில் இடம் கொஞ்சம்தான், பழைய பதிவை அதுவே அழித்துக்கொண்டு போகும். உங்களுக்கு நெட்வொர்க் வேலை செய்து தருகிறவரிடம் ஒரு சிஸ்டத்தில் ப்ராக்ஸி போட்டு, அதன் பதிவு (லாக்) தேதிவாரியாகச் சேரும்படி கேளுங்கள். எந்த நேரத்தில் எந்த சிஸ்டத்திலிருந்து எந்தத் தளம் என்ற அளவில் பதிவு இருந்தால் போதும். மெயிலில் என்ன இருந்தது, என்ன பாஸ்வேர்டு அடித்தார்கள் என்பதையெல்லாம் பிடித்து வைக்கும் மென்பொருளை யாராவது போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த ப்ராக்ஸி தயாரான பிறகு கெஸ்ட் ஷார்ட்கட்டுக்கு மாறுங்கள்.